மருதாணி போட்டபின் முடி வறண்டு போகுதா? நிறம் திட்டுத் திட்டா இருக்கா?



காதோரத்தில் நாலு வெள்ளை முடி எட்டிப் பார்த்தவுடன் நம்மில் பலர் தேடுவது மருதாணியைத்தான். கடை டை போட்டால் அரிப்பு வருது, தலை எரியுது என்று சொல்பவர்களும் கடைசியில் மருதாணிக்குத்தான் வருகிறார்கள். "இலைதானே, ஒண்ணும் பண்ணாது" என்பது நம் எண்ணம். ஆனால் போட்டு அலசிய மறுநாள் குழுக் கூட்டத்தில் கேட்கும் பேச்சே வேறு. "முடி தேங்காய் நார் மாதிரி ஆயிடுச்சுக்கா." "முன்னாடி ஆரஞ்சு, நடுவுல வெள்ளை, பின்னாடி ஒண்ணுமே பிடிக்கலை."

இந்த இரண்டு குறைக்கும் காரணம் உண்டு. சரிசெய்ய வழியும் உண்டு. பெரும்பாலும் அடுப்படியில் இருக்கும் பொருளே போதும். அதை இந்த இதழில் விளக்கமாகப் பார்ப்போம். அதோடு, மருதாணி என்ற பெயரில் விற்கும் பாக்கெட்டுக்குள் நிஜமாகவே மருதாணி இருக்கிறதா என்று பார்க்கும் முறையையும் சொல்கிறோம். இந்தக் கடைசிப் பகுதி அழகு பற்றியது மட்டும் இல்லை, உடம்பு பற்றியது. அதனால் கட்டாயம் முழுவதும் படியுங்கள்.

மருதாணி முடியில் என்ன செய்கிறது?

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப் பொருள் இருக்கிறது. இதன் நிறம் செம்மஞ்சள். நம் முடியும் நகமும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. லாசோன் இந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். விரலில் மருதாணி வைத்தால் தோலில் உள்ள சிவப்பு பத்து நாளில் போய்விடும். நகத்தில் உள்ளது நகம் வளர்ந்து வெட்டுகிற வரைக்கும் போகாது, கவனித்திருப்பீர்கள். முடியிலும் அப்படித்தான். போட்ட இடத்து நிறம் அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால் முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளருவதால் வேரில் மட்டும் மறுபடி வெள்ளை தெரியும்.

இன்னொன்றையும் மனசில் வையுங்கள். மருதாணி முடியின் மேல் நிறம் ஏற்றுமே தவிர, உள்ளே இருக்கும் நிறத்தை எடுக்காது. அதனால் வெள்ளை முடி செம்மஞ்சளாகும். கறுப்பு முடி கறுப்பாகவே இருக்கும், வெயிலில் லேசாகச் செம்பட்டை அடிக்கும், அவ்வளவுதான். பாதி நரைத்த தலையில் ஒரே சீரான நிறம் மருதாணியால் மட்டும் வராது. இது தெரியாமல்தான் பலர் "பொடி சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

முடி ஏன் வறண்டு போகிறது?

காரணம் பல. உங்களுக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

1. இலையில் துவர்ப்பு அதிகம். கடுக்காயைக் கடித்தால் நாக்கு எப்படி இழுத்துப் பிடிக்கிறதோ, அதேபோல் துவர்ப்புப் பொருள் முடியின் மேல்பரப்பையும் சொரசொரப்பாக்கும். மருதாணியோடு டீ டிகாஷன், கடுக்காய்ப் பொடி, நெல்லிக்காய்ப் பொடி எல்லாவற்றையும் சேர்த்தால் துவர்ப்பு இரண்டு மூன்று மடங்காகிவிடும்.

2. எலுமிச்சம்பழம் அதிகம். "நல்லா பிடிக்கும்" என்று மூன்று நான்கு பழத்தைப் பிழிவார்கள். அவ்வளவு தேவையே இல்லை. ஒரு தேக்கரண்டி போதும். வெறும் தண்ணீரில் கரைத்தாலும் நிறம் வரும்.

3. தலையிலேயே காயவிடுவது. கலவை காய்ந்து கட்டியானபின் முடியை இழுக்கும். அப்புறம் அலசும்போது பொடி உதிராமல் முடிதான் உடைந்து உதிரும்.

4. சோப்புப் போட்டு அலசுவது. பொடி போகவில்லை என்று குளியல் சோப்பு, சில பேர் துணி சோப்பு கூடப் போடுகிறார்கள். முடியின் மேல் மீன் செதில் மாதிரி மெல்லிய அடுக்கு உண்டு. சோப்பின் காரம் அந்தச் செதிலைத் தூக்கிவிடும். முடி முடியோடு உரசிச் சிக்காகும்.

5. உப்புத் தண்ணி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது. அதோடு சோப்புச் சேர்ந்தால் வெள்ளையாக ஒரு படலம் முடியில் தங்கும். மருதாணி போடாத நாளிலேயே முடி கரகரப்பாக இருக்கும் ஊரில், போட்ட நாளில் கேட்கவே வேண்டாம்.

6. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தலை முழுக்கப் போடுவது. வெள்ளை தெரிவது வேரில். ஆனால் நாம் நுனி வரை பூசுகிறோம். ஒவ்வொரு முறையும் நுனியில் ஒரு பூச்சு ஏறிக்கொண்டே போகிறது. நுனி கறுத்து, விறைத்து, வெடிக்கிறது.

வறண்ட முடிக்கு என்ன செய்யலாம்?

முதலில் பயத்தை விடுங்கள். வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அது பட்டுப்போனது என்று சொல்ல எதுவும் இல்லை. அதன் மேல்பரப்பை வழுவழுப்பாக்கினால் போதும், வறட்சி குறையும்.

முதல் நாள்: தண்ணீரால் மட்டும் அலசுங்கள். ஷாம்பூ, சீயக்காய், அரப்பு எதுவும் இரண்டு நாளைக்கு வேண்டாம். இதனால் நிறமும் நன்றாக நிற்கும். பொடி போகவில்லை என்றால் ஒரு வாளித் தண்ணீரில் தலையை முக்கி விரலால் அலசுங்கள். கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீராகவோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீராகவோ இருந்தால் நல்லது.

மறுநாள்: தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடுபடுத்தி, முடியின் பாதியிலிருந்து நுனி வரை தேய்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் கொஞ்சம் இறங்கக்கூடியது. அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும்.

மூன்றாம் நாள்: கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று.
- செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி, தண்ணீரில் கசக்கி வடிகட்டிய வழுவழுப்பான சாறு.
- வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டி, இரவு ஊறவைத்து மையாக அரைத்தது. திப்பி இல்லாமல் அரைக்கவேண்டும்.
- சோற்றுக்கற்றாழையின் உள்சோறு. மடலை வெட்டினால் வரும் மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவியபின் எடுங்கள். இல்லாவிட்டால் அரிக்கும்.
- ஆறிய வடிகஞ்சி, தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தது.

இருபது நிமிடம் வைத்து அலசினால் போதும். சீயக்காய் போடுபவர்கள் கஞ்சியில் கரைத்துப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்துப் போடுவதை விட மென்மையாக இருக்கும். ஷாம்பூ போடுபவர்கள் தலைத்தோலில் மட்டும் போடுங்கள். நுனிக்கு வழிந்து வரும் நுரையே போதும்.

ஈர முடியைச் சீவாதீர்கள். துண்டால் அடித்து உலர்த்தாதீர்கள். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். இரண்டு மூன்று குளியலில் முடி பழைய நிலைக்கு வரும். வெடித்த நுனி மட்டும் ஒட்டாது; அதை ஒரு விரற்கடை வெட்டிவிடுவதே நல்லது.

நிறம் ஏன் திட்டுத் திட்டாகிறது?

- எண்ணெய் இருந்த தலையில் போட்டால் சாயம் ஒட்டாது. முதல் நாளே தலைக்குக் குளித்திருக்க வேண்டும்.
- பொடியைச் சலிக்காமல் கரைத்தால் கட்டி தட்டும். கட்டி இருந்த இடம் ஒரு நிறம், இல்லாத இடம் வேறு நிறம்.
- நேரம் இல்லை என்று உச்சியில் கொட்டித் தேய்த்தால் மேல் முடிக்கு மட்டும் பிடிக்கும். அடியில் இருக்கும் முடி அப்படியே இருக்கும்.
- கலவை சரியாக ஊறாமல் இருந்தால் சாயமே வெளியே வந்திருக்காது.
- தயிர், முட்டை, எண்ணெய் அதிகம் சேர்த்தால் நிறம் குறையும். தயிரிலும் முட்டையிலும் புரதம் உண்டல்லவா? சாயத்தில் ஒரு பங்கை அவையே பிடித்துக்கொள்ளும்.
- நெற்றியோரம், காதோர நரை சிலருக்கு முரட்டு முடி. மற்ற இடத்தை விட அங்கே அதிக நேரம் வேண்டும்.

இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் முடி கறுக்குமா என்றும் கேட்கிறார்கள். இலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கலவைதான் கறுப்பாகிறது. முடி நிறம் கொஞ்சம் அடர்த்தியாகலாமே தவிர, வெள்ளை முடி கறுப்பாகாது. கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் பாத்திரமே போதும்.

திட்டு விழுந்த முடியை எப்படிச் சரிசெய்வது?

முதலில் மூன்று நாள் பொறுங்கள். அலசிய அன்று பளிச்சென்று ஆரஞ்சாக இருக்கும் முடி, காற்றுப் பட்டு இரண்டு மூன்று நாளில் பழுப்புச் சிவப்பாக இறங்கும். மறுநாளே பயந்துபோய் மேலே கடை டையை அடிக்காதீர்கள்.

மூன்று நாள் கழித்தும் பிடிக்காத இடம் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் கலவை கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் பூசுங்கள். தலை முழுக்க மறுபடி போட வேண்டாம்.

நுனி மட்டும் அதிகமாகக் கறுத்துவிட்டால் எடுக்கும் வழி கிடையாது. இனி நுனியில் போடாமல் இருங்கள். அடுத்தமுறை வேரில் பூசும்போது நுனிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால், வழிந்தாலும் அங்கே பிடிக்காது.

பியூட்டி பார்லரில் பிளீச் பண்ணி நிறத்தை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். சில கலப்படப் பொடிகளில் உலோக உப்பு சேர்ந்திருக்கும். அதன் மேல் பிளீச் பட்டால் சூடேறி முடி அறுந்து வரும். அங்கே போனாலும், மருதாணி போட்டிருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

கறுப்புத்தான் வேண்டும் என்பவர்களுக்கு

இலையாலேயே கறுப்பு வர வேண்டுமானால் மருதாணிக்குப் பிறகு அவுரி போட வேண்டும். நீலி என்றும் சொல்வார்கள். துணிக்கு நீலச் சாயம் எடுத்த அதே செடி; நம் விழுப்புரம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள். சிவப்பின் மேல் நீலம் ஏறும்போது முடி கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தெற்கு மாவட்டங்களில் பேதி மருந்துக்குப் போகும் நிலாவரையையும் அவுரி என்றே சொல்வார்கள். அதில் நீலச் சாயம் கிடையாது. தலையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கறுக்காது. அதனால் "சாயத்துக்குப் போடும் நீல அவுரி" என்று கேட்டு வாங்குங்கள்.

மருதாணியை அலசி எடுத்தபின் அன்றோ மறுநாளோ போடலாம். அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கரையுங்கள். எலுமிச்சை, தயிர், டீ எதுவும் சேர்க்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசத் தொடங்குங்கள்; அதிகம் ஊறினால் வலு போய்விடும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். முதலில் பச்சை அடித்தாலும் ஒரு நாள், இரண்டு நாளில் கறுப்புக்கு வரும்.

அடுத்தமுறை இப்படிப் போட்டுப் பாருங்கள்

1. வேருக்கு மட்டும் என்றால் 50 கிராம், தோள் வரை முடிக்கு 100 கிராம், இடுப்பு வரை முடிக்கு 200 கிராம் பொடி எடுங்கள். மெல்லிய துணியில் சலியுங்கள்.

2. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இட்லி மாவுப் பதத்துக்குக் கரையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்.

3. வெயில் காலத்தில் மூன்று நான்கு மணி நேரம், குளிர் காலத்தில் இரவு முழுவதும் மூடி வையுங்கள். மேலே பழுப்பு நிறம் ஏறினால் தயார். ஒரு நாளுக்கு மேல் வெளியே கிடந்தால் வலு குறையும்.

4. சீப்பில் வந்த வெள்ளை முடி நாலைந்தை நூலால் கட்டி, கலவையில் மூன்று மணி நேரம் வைத்து அலசிப் பாருங்கள். உங்களுக்கு என்ன நிறம் வரும் என்று தலையில் போடும் முன்பே தெரிந்துவிடும்.

5. நெற்றி, காது, பிடரியில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோலில் கறை பிடிக்காது. முடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. வகிடு வகிடாகப் பிரித்து, பின்பக்கமிருந்து தொடங்கி, வேரில் நன்றாகப் பூசுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையோ மகளையோ பூசச் சொன்னால் பின்தலை விட்டுப் போகாது. நரை அதிகமாக உள்ள இடத்தில் முதலில் பூசுங்கள்.

7. பிளாஸ்டிக் உறையாலோ பழைய துணியாலோ தலையை மூடுங்கள். காயக் கூடாது. இரண்டு முதல் மூன்று மணி நேரம் போதும். இரவு முழுக்க வேண்டாம். சளி, தலைபாரம் வருபவர்கள் காலை வெயில் ஏறிய பிறகு போடுங்கள்.

8. முழுத் தலைக்கு ஒருமுறை போட்டபின், அடுத்து மாதம் ஒருமுறை வேருக்கு மட்டும்.

"பத்தே நிமிஷத்தில் கறுப்பு": எச்சரிக்கை!

சகோதரிகளே, இதுதான் முக்கியமான பகுதி. மருதாணி இலை ஒருநாளும் முடியைக் கறுப்பாக்காது. பத்து நிமிடத்திலோ அரை மணியிலோ கறுப்பாகும் 'கறுப்பு மருதாணி', 'கறுப்பு ஹென்னா' பாக்கெட்டில் வேறு ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அது பாரா-பினைலீன் டைஅமின் என்ற ரசாயனம். பிபிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் கையில் வைக்கும் சில கறுப்பு மெஹந்தி கோன்களிலும் இதைச் சேர்க்கிறார்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலை அரித்து, நெற்றி கொப்பளித்து, கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். அடுத்தமுறை இன்னும் கடுமையாக வரலாம். பத்து வருஷம் ஒன்றும் ஆகாதவர்களுக்கும் திடீரென்று வரலாம்.

நம் நாட்டுச் சட்டப்படி இந்த ரசாயனம் உள்ள சாயப் பாக்கெட்டில், தோலில் சோதித்துப் பார்த்தபின் பயன்படுத்தவும், புருவத்திலும் இமையிலும் போடக் கூடாது, போட்டால் கண் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். எழுத்து மிகவும் சின்னதாக இருக்கும். படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பொருள்களின் பெயரே போடாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
- நல்ல பொடி மங்கலான பச்சையாக இருக்கும். காய்ந்த இலை வாசனை வரும். கறுப்பு, அடர்பழுப்புப் பொடியும், மருந்து நெடி அடிக்கும் பொடியும் வேண்டாம்.
- கண்ணைப் பறிக்கும் பச்சை என்றால் பச்சைச் சாயம் கலந்திருக்கலாம். ஒரு கரண்டி பொடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் மணல் அடியில் தங்கும். சாயம் இருந்தால் தண்ணீர் பளிச்சென்று பச்சையாகும்.
- சீப்பு முடியில் சோதிக்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளை முடி கறுத்துவிட்டால் அது வெறும் மருதாணி அல்ல.

எந்தப் பொடியானாலும், இலையே ஆனாலும், முதல் தடவை போடுபவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு அளவு தடவி, அலசி, இரண்டு நாள் பாருங்கள். சிவந்து அரித்தால் வேண்டாம். பச்சைக் குழந்தைகளுக்கு மருதாணியே வைக்காதீர்கள். பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதிக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு மருதாணியால் ரத்த அணுக்கள் சிதைந்து ஆபத்தாகும். அந்தக் குறை இருப்பது பார்த்தால் தெரியாது.

தலையில் போட்டதும் எரிச்சல், வீக்கம் வந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். சாயம் யார் வாயிலாவது போய்விட்டால், அரை நிமிஷம் கூட வீட்டு வைத்தியம் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சாயப் பாக்கெட்டை வீட்டில் சேர்த்து வைக்காமல், வேண்டியபோது மட்டும் வாங்குவது நல்லது. வாங்கியதையும் பூட்டிய இடத்தில் வையுங்கள்.

பொடி அரைத்து விற்கும் குழுக்களுக்கு

நம் குழுக்களில் சிலர் மருதாணி இலையை நிழலில் காயவைத்து அரைத்து விற்க முயற்சி எடுக்கிறார்கள். நல்ல தொழில். ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் ஊர் மருதாணியாலேயே பெயர் வாங்கியது. 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இலையின் தரத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

ஆனால் "இன்னும் கறுப்பா வேணும்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்காக, யாரோ கொண்டுவந்து கொடுக்கும் பெயர் தெரியாத பொடியை ஒரு சிட்டிகை கூடக் கலக்காதீர்கள். ஒரு சகோதரியின் கண் வீங்கினால் நம் எல்லோர் பெயரும் போகும். அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க உரிமம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்தபின் தொடங்குங்கள். பாக்கெட்டில் "மருதாணி இலை மட்டும். நிறம்: செம்மஞ்சள்" என்று தைரியமாகப் போடுங்கள். கறுப்பு வரும் என்று சொல்லி விற்பதை விட, சிவப்புத்தான் வரும் என்று சொல்லி விற்றால் வாங்கியவர் மறுபடியும் நம்மிடம் வருவார்.

நினைவில் வைக்க வேண்டியவை

- மருதாணி தருவது சிவப்பு. கறுப்புக்கு அவுரி. உடனடிக் கறுப்புக்கு ரசாயனம்.
- எண்ணெய் இல்லாத தலையில் போடு, காயவிடாதே, தண்ணீரில் மட்டும் அலசு.
- மறுநாள் எண்ணெய், மூன்றாம் நாள் செம்பருத்தி அல்லது வெந்தயம்.
- திட்டு விழுந்தால் மூன்று நாள் பொறு. விட்டுப்போன இடத்துக்கு மட்டும் போடு.
- எந்தப் பொடியானாலும் முதலில் சோதித்துப் பார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மருதாணிப் பாக்கெட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து படித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமாருக்கு அதுவே பெரிய உதவி.